சொந்த ஏற்பாடு

ஜூலை 1, திங்கள்

அரசாங்கத்துக்கு ஒரு நாட்குறிப்பு எழுதுகிறேன். எங்கே போனேன், எதில் போனேன், என்ன பார்த்தேன் என்று கட்டம் கட்டமாக. மாதம் முடிந்ததும் அது தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே யாராவது அதைப் படிக்கிறார்களா என்பது கடவுளுக்கே வெளிச்சம். இது அது இல்லை. மகள் அகிலாவின் போன வருஷ நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள். என்னைப் போல் வாயை மூடத் தெரியாதவளுக்குத் திட்டித் தீர்க்க ஓர் இடம் வேண்டும்.

கரட்டூர் அலுவலகத்தில் இன்று தொழிற்சாலை ஆய்வாளராகப் பொறுப்பேற்றேன். வாசலில் பெயர்ப்பலகை மாட்ட நாலு கொக்கி இருக்கின்றன. தில்லைநாயகி என்ற என் பலகை மட்டும் ஆடுகிறது.

"மத்த மூணு போஸ்ட்டும் காலிங்க மேடம். அதுல ஒண்ணு காலியானப்ப எம் பையன் எல்.கே.ஜி. இப்ப நாலாவது படிக்கிறான்" என்றார் ஜெபராஜ். இளநிலை உதவியாளர். தட்டச்சர், தபால்காரர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் அவரேதான்.

கோப்பில் ஒரு ஜீப் இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சக்கரங்கள் மண்ணில் புதைந்திருந்தன. பின் இருக்கையில் பூனை குட்டி போட்டிருந்தது. ஜீப்பைக் கழித்துக்கட்ட உத்தரவு வரவில்லையாம். அது வராமல் புது ஜீப் கேட்க முடியாதாம்.

"விஷவாயு அளக்கிற மீட்டர் எங்கே?"

"மூணு மாவட்டத்துக்கு ஒண்ணு மேடம். முறை வெச்சுச் சுத்துது. இப்ப வடக்கே நந்தகோபால் சார்கிட்ட இருக்கு. நம்ம முறை செப்டம்பர்ல."

"அது வரைக்கும்?"

ஜெபராஜ் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். சிரிப்பு வந்தது. வந்ததற்காக எரிச்சலும் வந்தது.

ஜூலை 4, வியாழன்

பேருந்தில் போய் ஓர் ஆலையைப் பார்த்துவிட்டு வந்தேன். காலையில் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி, கல்லும் மேடுமான கரட்டு வழியே நடந்து சேரும்போது சாப்பாட்டு மணி அடித்தது. திரும்பி வரச் சாயங்காலம். நாளுக்கு ஓர் ஆலை என்றால் இந்த வட்டாரத்தைச் சுற்றி முடிக்க எனக்கு ஓய்வு வயது வந்துவிடும்.

இங்கே எங்கு பார்த்தாலும் சேகோ ஆலைகள். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பாலெடுத்து, மாவைத் தெளியவைத்து, உருட்டி வறுத்து ஜவ்வரிசி ஆக்குகிறார்கள். கழிவுநீர் தரைக்கடியில் பெரிய தொட்டியில் சேர்கிறது. ஆவணி பிறந்ததும் கொதிகலனுக்குப் பூசை போட்டு அரைவை தொடங்குவார்கள். அதற்கு முன், ஆடிப் பெருக்கு கழிந்த கையோடு, எல்லா ஆலையிலும் ஒரே சமயத்தில் தொட்டி கழுவுவார்கள். அடியில் திப்பி, அதாவது பாலெடுத்த சக்கை, சேறோடு அழுகிக் கிடக்கும். அதை அள்ள ஆள்தான் இறங்க வேண்டும்.

"போன ஆடியில ரெண்டு பேரு மேடம். அதுக்கு முந்தின ஆடியில ஒருத்தர்" என்றார் ஜெபராஜ்.

கோப்பை எடுத்துப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்றிருந்தது. செத்தவர்களின் கவனக்குறைவாம். கோப்பைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

இந்த ஆடியில் யாரும் சாகக்கூடாது. வேறு லட்சியம் எதுவும் எனக்கு இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஆலை அதிபர்கள் சங்கத்திலிருந்து அர்த்தநாரி வந்தார். செயலாளர், சொந்தமாக ஆலையும் வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. கையில் ஆப்பிள் பை. பையைத் திருப்பிக் கொடுத்தேன். கோபப்படவில்லை.

"நீங்க பஸ்ல அல்லாடறது எங்களுக்கே சங்கடமா இருக்குங்க மேடம். முன்னாடி இருந்த சார் காலத்துலேர்ந்தே சங்கத்து கார் ஒண்ணு ஆபீசுக்கு வரும். டிரைவர் மாதையன் நல்ல மனுசன். நாளையிலேர்ந்து அனுப்பட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். யாரைச் சோதிக்கப் போகிறேனோ அவர் வீட்டு வண்டியிலேயே போவதா என்று கேட்டேன். நல்லதுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நன்றாகக் கேட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூலை 12, வெள்ளி

பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும்போது கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு கல்லில் உட்கார்ந்து வீங்கின காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. ஜெபராஜுக்குப் போன் செய்தேன். வந்தது சங்கத்துக் கார்.

இந்த ஒரு முறை மட்டும் என்று ஏறினேன். மாதையன் ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர். காரில் கிரீடம் மாதிரி ஒரு வாசனைப் பாட்டில். மல்லிகையும் பினாயிலும் கலந்த நாற்றம். வீடு சேர்வதற்குள் தலைவலி மண்டையைப் பிளந்தது. கண்ணாடியை இறக்கச் சொல்லித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 18, வியாழன்

கால் இன்னும் சரியாகவில்லை. கார் தானாகக் காலையில் வந்து நிற்கிறது. வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டு நொண்டிக்கொண்டு போவானேன்? இந்த வாரம் பதினோரு ஆலை பார்த்திருக்கிறேன். பேருந்தில் என்றால் நாலு.

ஆனால் போகிற இடமெல்லாம் தரை அப்போதுதான் கழுவியிருக்கிறது. தலைக்கவசத்தில் விலைச் சீட்டு ஒட்டியபடி இருக்கிறது. இன்று டீக்கடையில் மாதையன் ஒதுங்கி நின்று போன் பேசினார்.

"யாருக்கு போன், அண்ணா?"

"வீட்டுக்குங்கம்மா."

"வீட்டுல 'அம்மா வர்றாங்க'ன்னு எதுக்குச் சொல்லணும்?"

டீயைக் கீழே வைத்துவிட்டார். "சங்கத்துல சொல்லி வெச்சிருக்காங்கம்மா. நான் சொல்லலைன்னா வேற ஆள் சொல்லும். அந்தக் காலத்துலேர்ந்து இதுதான் வழக்கம்."

திட்ட வாயெடுத்தேன். பாவம், அவர் வயிற்றுப்பாடு. அத்தோடு விட்டேன்.

அரசு நாட்குறிப்பில் 'பயண முறை' என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதுவதென்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஜெபராஜ் எட்டிப் பார்த்தார். "பழைய சார் 'சொந்த ஏற்பாடு'ன்னு போடுவார் மேடம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." அப்படியே போட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

அர்த்தநாரியின் ஆலை. வாசலில் ஓர் இளைஞன் காருக்கு ஓடி வந்து, "மாமா, சாப்பிட்டாச்சா?" என்று மாதையனைக் கேட்டான். பச்சியப்பன், மாதையனின் மகள் தெய்வானையைக் கட்டியவன். தொட்டி கழுவுகிற ஆட்களில் அவன்தான் முதலில் இறங்குகிறவனாம். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

தொட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னேன். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது.

"எப்படி இறங்குவீங்க?"

"மூடியத் தொறந்து வெச்சு நாத்தம் போறவரைக்கும் நிப்போம்மா. நாத்தம் நின்னதும் எறங்கிடுவோம்."

"பச்சியப்பன், நல்லாக் கேளுங்க. இந்த வாயு கொஞ்சமா இருந்தாத்தான் நாறும். நிறைய இருந்தா மூக்கு மரத்துப் போயிடும், நாத்தமே தெரியாது. நாத்தம் நின்னுச்சுன்னா வாயு போயிடுச்சுன்னு நம்பக்கூடாது. உங்க மூக்கு செத்துப் போயிருக்கலாம். அடுத்தது நீங்க."

"அப்ப நாத்தத்தோட எறங்கச் சொல்றீங்களா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இறங்கவே வேண்டாம்னு சொல்றேன்."

"எறங்கலைன்னா யாரும்மா அள்றது?" கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஊதுகுழாய் வைத்து ஒரு பகல் முழுக்கக் காற்றைச் செலுத்தி, மீட்டரால் அளந்து, இடுப்பில் கயிற்றுப் பட்டை கட்டி, மேலே இருவர் நின்று இறக்க வேண்டும் என்று அர்த்தநாரியிடம் சொன்னேன். சரிங்க என்றார். "ஊதுற மிஷின் நாளைக்கே வாங்கிடறேன். மீட்டர் மட்டும் நீங்க குடுங்க மேடம், அளந்துட்டே எறக்கறோம்."

மீட்டர் மட்டும் நீங்க குடுங்க. வழியெல்லாம் அதுவே காதில் ஒலித்தது.

ஜூலை 26, வெள்ளி

தலைமை அலுவலகத்துக்கு மூன்றாவது கடிதம். ஒரு மீட்டர், ஒரு வண்டி, ஆடி முடியும்வரை இரண்டு ஆய்வாளர்கள். முதல் இரண்டுக்கும் சேர்த்து இன்று பதில் வந்தது: கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.

என்னோடு ஒன்றாக வேலையில் சேர்ந்த நந்தகோபாலுக்குப் போன் செய்தேன். "தர மாட்டேன்னு சொல்லல தில்லை. இங்கயும் நான் ஒருத்தன்தான். எனக்கு மூணு தாலுகா. நீ கேக்கற அதே நாள்லதான் எனக்கும் தொட்டி." குரலில் அத்தனை களைப்பு. அவனிடம் சண்டை போட முடியவில்லை. போனை வைத்துவிட்டு மேஜையோடு சண்டை போட்டேன். இழுப்பறை கையோடு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 1, வியாழன்

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அகிலா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, உன் சேலையெல்லாம் ஒரே கார் வாசனை."

முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கற்பனை என்று சொல்லிவிட்டு உலை வைத்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் கிளறினேன். மாதையன் வீட்டிலிருந்து தெய்வானை ஒரு தூக்கில் பாயசம் கொடுத்தனுப்பியிருந்தாள். ஜவ்வரிசிப் பாயசம். அகிலா இரண்டு டம்ளர் குடித்தாள். நான் தொடவில்லை. நாளைக் கழித்து மூடிகளைத் திறப்பார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எல்லா இடத்திலும் ஆரம்பித்துவிட்டது. ஓர் ஆலையில் நான் நிற்கும்போது இன்னோர் ஆலையில் இறங்குகிறார்கள். இங்கே நிறுத்தினால் அங்கே. எலியைப் பிடிக்க ஓட்டைக்கு ஓட்டை ஓடுகிறவள் போல் ஓடுகிறேன். மூன்றாவது ஆலையில், நான் வருவது தெரிந்து ஆட்களை வெளியே ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். தலையெல்லாம் சேறு. நான் கிளம்பினதும் மறுபடி இறங்குவார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திரும்பும்போது காரில் ஒன்று தோன்றியது. நான் வருகிறேன் என்றாலே ஆட்களை வெளியே ஏற்றுகிறார்களே. அப்படியானால் நான் எதற்குப் போக வேண்டும்? என்னிடம் ஆளும் இல்லை, மீட்டரும் இல்லை. ஆனால் என் வருகையை ஊருக்கெல்லாம் சொல்ல ஒரு போன் இருக்கிறது. அதையும் சங்கமே கொடுத்திருக்கிறது.

"அண்ணா, நாளையிலேர்ந்து காலையில எல்லா ஆலைக்கும் போன் போடுங்க. ஒண்ணு விடாம."

"என்னன்னும்மா?"

"வழக்கமா சொல்றதுதான். அம்மா வர்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

மாதையன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பலிக்கிறது! இரண்டு நாளாக ஒரு தொட்டியிலும் ஆள் இறங்கவில்லை என்று மாதையன் விசாரித்துச் சொன்னார். காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். அர்த்தநாரி ஆலையில் எனக்காக இளநீர் வெட்டி வைத்துக் காத்திருந்து, கடைசியில் பச்சியப்பனே குடித்துவிட்டானாம்.

நாலு ஆய்வாளர் செய்ய வேண்டிய வேலையை நாற்காலியை விட்டு எழாமல் செய்கிறேன். வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

"புலி வருது கதையா ஆயிடப் போகுது மேடம்" என்றார் ஜெபராஜ். அவருக்கு எப்போதும் அவநம்பிக்கை.

ஆகஸ்ட் 12, திங்கள்

அர்த்தநாரி போன் செய்தார். குரலில் பழைய நிதானம் இல்லை. "ஆவணி ஒண்ணாந் தேதி கொதிகலன் பூசைங்க மேடம். கிழங்கு வெட்டி லாரி ஏத்தியாச்சு, வெச்சிருந்தா கெட்டுப்போகும். நீங்க வர்றதா இருந்தா வந்துட்டுப் போயிடுங்க. வேலை அப்படியே நிக்குது."

மீட்டர் வந்ததும் வருகிறேன் என்றேன். எப்போது வரும் என்று கேட்டார். பரிசீலனையில் உள்ளது என்று என் வாயாலேயே சொன்னேன்.

நந்தகோபாலிடம் மறுபடி பேசினேன். வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்குத் தருகிறானாம். இன்னும் மூன்று நாள் அவர்களை இழுத்துப் பிடித்தால் போதும். வெள்ளிக்கிழமை முதலில் அர்த்தநாரி ஆலைக்குப் போய் அளக்க வேண்டும்.

காய்கறி வாங்க மறந்துவிட்டேன். ரசம், அப்பளம்.

ஆகஸ்ட் 14, புதன்

காலையில் ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம். போகும் வழியில் மாதையனிடம் வழக்கம்போலச் சொன்னேன். அவர் வழக்கம்போல வண்டியை ஓரங்கட்டி எல்லோருக்கும் போன் செய்தார். அர்த்தநாரி ஆலைக்குச் செய்தபோது பச்சியப்பனே எடுத்தான் போலிருக்கிறது. "அம்மா வர்றாங்கடா" என்று சொல்லி, சாப்பிட்டாயா என்றும் கேட்டு வைத்தார்.

கூட்டத்தில் காலிப் பணியிடங்களைப் பற்றி ஒருவர் படம் போட்டு விளக்கினார். இலக்கில் எத்தனை விழுக்காடு முடித்தீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். எழுந்து நின்று சொன்னேன். பரவாயில்லை, ஒருத்தியாக நன்றாகவே செய்கிறீர்கள் என்றார்கள். உட்கார்ந்தபோது ஜெபராஜின் போன் வந்துகொண்டிருந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது.

வெளியே ஓடி வந்தேன். மாதையன் காரில் இல்லை. காரைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடி ஏற்றினோம். நானும் ஜெபராஜும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மீட்டர் வந்துவிட்டது. நந்தகோபால் தானே பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். இருவரும் அர்த்தநாரி ஆலைக்குப் போனோம். வாசலில் வாழை மரம் கட்டியிருந்தார்கள், நாளைய பூசைக்கு. யாரும் அவிழ்க்கவில்லை.

மீட்டரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினான் நந்தகோபால். பாதி ஆழம்கூடப் போகவில்லை, அலறத் தொடங்கியது. மேலே இழுத்தும் கொஞ்ச நேரம் அலறிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் திறந்து கிடந்த தொட்டி அது.

சுவரோரம் ஊதும் இயந்திரம் இருந்தது. புத்தம் புதியது. மேலே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"வாங்கி வெச்சுட்டு ஏன் போடலை?" என்று மேஸ்திரியைக் கேட்டேன். நந்தகோபால் எழுதிக்கொண்டான்.

"அதப் போட்டா ஒரு பகல் முழுக்க ஓடணும்னு சொன்னீங்கம்மா. நீங்க வர்றப்ப தொட்டி தொறந்தே கெடக்கும். ஏற்கெனவே ரொம்ப நாள் நின்னு போச்சு, பூசை வேற கிட்டத்துல. அம்மா வர்றாங்கன்னு போன் வந்துச்சு. வர்றதுக்குள்ள சட்டுனு அள்ளி, மூடி போட்டு, மேல கோலம் போட்டுடலாம்னு…"

"நான் வர்றேன்னா நிறுத்தத்தானே வேணும்?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

மேஸ்திரி என்னைப் புரியாமல் பார்த்தார். "நீங்க வந்துட்டா நிறுத்துவோங்கம்மா. வர்றீங்கன்னா முடிக்கத்தான பாப்போம்? எப்பவும் அப்படித்தான? மொத நாலு நாளு என்ன ஏதுன்னு தெரியாம நின்னுட்டோம். நாள் நெருங்கவும் இனி நிக்க முடியாதுன்னுட்டாங்க."

பச்சியப்பன் நாற்றம் நிற்கும்வரை காத்திருந்தானாம். அன்று சீக்கிரமே நின்றுவிட்டதாம். "நாத்தம் நின்னா எறங்காதேன்னு அந்தம்மா சொல்லிச்சே" என்று ஒரு தடவை சொன்னானாம். அதற்குள் அம்மா கிளம்பிவிட்டார்களாம் என்று யாரோ சத்தம் போட்டார்களாம். இறங்கியவன் ஏணியின் பாதியிலேயே விழுந்தான். தூக்கப் போன இன்னொருவர் அரசு மருத்துவமனையில் கண் திறந்துவிட்டார்.

நந்தகோபால் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். யார் போன் செய்தது என்று அவன் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

துக்கம் கேட்க மாதையன் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்கப் பல காரணங்கள் தேடினேன். எதுவும் தேறவில்லை. பேருந்தில் போனேன்.

மாதையன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

"நாந்தாம்மா போன் போட்டேன். அவந்தான் எடுத்தான். என்னைய நம்பித்தான் எறங்கியிருக்கான்" என்றார்.

நான் சொல்லித்தானே போட்டீங்க, அண்ணா. இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். அவர் தன்மேல் போட்டுக்கொண்டதை நான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

உள்ளே தெய்வானை சுவரில் சாய்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். என்னை யாரென்று சொன்னார்கள். வெகு நேரம் பார்த்தாள்.

"அம்மா வர்றாங்க, அம்மா வர்றாங்கன்னு ஒரு வாரமா எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டிருந்தாரு. அன்னிக்கும் அதான் போன்ல சொல்லிட்டு வெச்சாரு." குரலில் கோபமே இல்லை. "நீங்க வரவே இல்லைங்களாம்மா?"



ஆகஸ்ட் 21, புதன்

விபத்து அறிக்கை. காரணம் என்ற இடத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதினேன். அர்த்தநாரி மேல் வழக்குப் போட வேண்டிய சட்டப் பிரிவுகள், இயந்திரம் உறையோடு இருந்தது, கயிற்றுப் பட்டை இல்லாதது, எல்லாம். பிறகு காரணத்தை எழுதினேன்.

நந்தகோபால் போனில் படித்துக் காட்டச் சொன்னான். படித்தேன். "ஆலை மேல உள்ளது எல்லாம் சரி. கடைசி வரிய எடுத்துடு தில்லை. உனக்குப் பொண்ணு இருக்கு. அவங்க வக்கீல் அந்த ஒரு வரிய வெச்சே கேசை உடைப்பான்."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த வரியால் அர்த்தநாரி தப்பிவிடக்கூடும். அதை எடுத்துவிட்டால், ஒரு நாள் யாராவது தோண்டி எடுத்து, போன் செய்தவரைத்தான் பிடிப்பார்கள். மாதையன் மறுக்கவும் மாட்டார். மூன்று முறை அடித்தேன், மூன்று முறை திருப்பி எழுதினேன். மூன்றாம் முறை அதை இரண்டு வரியாக்கினேன். போன் செய்யச் சொன்னது யார் என்பது ஒன்று. சொன்னவளிடம் மீட்டர் இல்லை, வண்டி இல்லை, ஆள் இல்லை, மூன்று கடிதம் எழுதினாள் என்பது இன்னொன்று.

ஜெபராஜ் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். அந்த இடம் வந்ததும் சத்தம் நின்றது.

"மேடம், இதையும் அடிக்கணுங்களா?"

"அடிங்க."

மறுபடி சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

ஜூலை மாத நாட்குறிப்பு இன்னும் போகாமல் அலுவலகத்திலேயே கிடந்தது. அதையும் எடுத்து, 'சொந்த ஏற்பாடு' என்று இருந்த இடங்களையெல்லாம் அடித்து, 'ஆலை அதிபர்கள் சங்கத்தின் கார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இரண்டு தபால். ஒன்று என்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு. இன்னொன்று, ஜீப்பைக் கழித்துக்கட்ட உத்தரவு. பூனையையும் குட்டிகளையும் ஜெபராஜ் அட்டைப் பெட்டியில் மாற்றினார்.

மீட்டர் இம்மாதக் கடைசி வரை என்னிடம் இருக்கலாம் என்று நந்தகோபால் சொல்லியிருக்கிறான். பூசையைத் தள்ளிப்போட்ட ஆலைகள் இன்னும் சில இருக்கின்றன.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலையில் அலுவலக வாசலில் சங்கத்துக் கார் நின்றது. மாதையன். மருமகன் காரியம் முடிந்து வந்திருந்தார். வேலைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

"ஏறுங்கம்மா. இனிமே நான் யாருக்கும் போன் போட மாட்டேன். போனையே வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. மீட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். கதவைச் சாத்தினார். அந்தக் கிரீடப் பாட்டில் அதே இடத்தில் இருந்தது. மல்லிகையும் பினாயிலும். மண்டைக்குள் ஏறியது. தெரு முனை தாண்டுவதற்குள் நிறுத்தச் சொல்லி, இறங்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

மாதையன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். "என்னாச்சுங்கம்மா?"

"அந்த வாசனை."

"அது எப்பவும் இருக்கறதுதானுங்களே. புதுசாக்கூட மாத்தல."

"தெரியும் அண்ணா."

வாயைக் கழுவினேன். போன் செய்யச் சொன்னது நான்தான், உங்கள் மேல் ஒன்றும் இல்லை, அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்று அவரிடம் நடுத்தெருவில் நின்று சொன்னேன். தெய்வானையிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். வெகு நேரம் எடுக்கவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். கணுக்கால் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. பேருந்தில் மீன் கூடை, வியர்வை, யாரோ உரித்த ஆரஞ்சு, எல்லா வாசனையும் தெரிந்தது. எந்த ஆலைக்குப் போகிறேன் என்று ஜெபராஜிடம்கூடச் சொல்லவில்லை. கண்டக்டர் எங்கே என்று கேட்டார். சீட்டு வாங்க வேண்டுமே, அவரிடம் மட்டும் சொன்னேன்.